தாழ்ப்பாள் இல்லாத கதவு

மூணாவதுதான் சரி. சிலேட்டுல பெருசா ‘இ’ன்னு எழுதி லேப்டாப் மூடிக்கு மேல லேசா எட்டிப் பாக்குற மாதிரி தூக்கிக் காட்டுறேன், இவரு இமைக்காம அதைப் பாத்துட்டு மவுசை அமுக்குறாரு, அம்புட்டுத்தான், அடுத்த கேள்வி. காமிராவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாக்குறவங்களுக்கு இவரு ஸ்கிரீனைப் பாத்து யோசிக்கிறாருன்னுதான் தோணும். யோசிக்கிற மூஞ்சியா அது? போலீஸ் லைன்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, வீரணன் யோசிச்சு நாங்க பாத்ததில்லன்னு. நான் லேப்டாப்புக்குப் பின்னாடி, சாப்பாட்டு மேசையோட இந்தப் பக்கம், கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்திருக்கேன். இடது பக்கச் சுவத்துல டிவி. சைபர் கிரைம்ல இருக்குற ஏட்டு ஒருத்தரு நேத்து வந்து, ஒயரை இழுத்து, லேப்டாப்புல தெரியிறதெல்லாம் டிவியிலயும் தெரியிற மாதிரி மாட்டிக் கொடுத்துட்டு, டீ குடிச்சுட்டுப் போனாரு. திருட்டைப் பிடிக்கிற ஆளே வந்து திருட்டுக்கு ஒயர் மாட்டுறாரு, நல்லா இருக்கு நாடு. டிவியில கேள்வி வருது, கேள்விக்குக் கீழ அ, ஆ, இ, ஈ, மூலையில ஒரு சின்னக் கட்டம், அதுல இவரு மூஞ்சி. அதாவது எனக்கு ரெண்டு வீட்டுக்காரரு தெரியிறாரு. எதுக்க உக்காந்து வேர்த்து ஊத்துற ஆளு ஒண்ணு, கட்டத்துக்குள்ள உத்தமனா உக்காந்திருக்கிற ஆளு ஒண்ணு. எது நிசம்னு கேட்டா போன வாரம் வரைக்கும் சட்டுனு சொல்லியிருப்பேன். ஆரம்பத்துலயே ஒரு குரல் படிச்சுச்சு, பரீட்சை முடியிற வரைக்கும் படமும் சத்தமும் பதிவாகும், அறையில வேற யாரும் இருக்கக்கூடாது, பேசக்கூடாதுன்னு. இவரு அடையாள அட்டையைத் தூக்கிக் காமிச்சு, லேப்டாப்பைச் சுத்திச் சுத்திக் காமிச்சு, யாரும் இல்லன்னு நிரூபிச்சாரு. அப்ப நான் அடுப்படியில மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன், கடுகு டப்பாவுக்குப் பக்கத்துல. இது கடைசிப் பேப்பர். இதுல பாசாயிட்டா டிகிரி கையில, டிகிரி இருந்தா டிபார்ட்மெண்ட் கோட்டாவுல எஸ்.ஐ. பரீட்சை, அதுக்கும் இந்த வருசம் விட்டா வயசு போச்சு. எல்லாம் ஒரு சிலேட்டுல தொங்குது, மகளோட பழைய சிலேட்டு, ஓரத்துல மரம் பேந்திருக்கு. நல்லவேளை, அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பியாச்சு, இல்லாட்டி நடுவுல வந்து அம்மா ஏன் வாளி மேல உக்காந்திருக்கேம்பா.

அடுத்தது ‘அ’. இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சிறிய குற்றம் எது பெரிய குற்றம் எது, முதல் தகவல் அறிக்கை யாரு கொடுக்கலாம், சந்தேகம் வேற சாட்சியம் வேற. படிச்சது நான்தானே. மூணு வருசத்துக்கு முந்தி பீசு கட்டி இவரு ஆன்லைன் டிகிரியில சேந்தப்ப நான் சிரிச்சேன், நீங்களாவது படிக்கிறதாவதுன்னு. குற்றவியலும் காவல் நிர்வாகமும், பேரே வாயில நுழையல. ரெண்டாம் நாளே திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிட்டாரு. “இந்தா தவம், நீ சும்மா உள்ள போயி உக்காரு, அட்டெண்டன்ஸ் விழுகட்டும், காமிராவை அமத்திப்புடு”ன்னாரு. தவமணிங்கிறது என் பேரு. நானும் கத்தரிக்காய அரிஞ்சுக்கிட்டே காதுல வாங்கினேன். கிளாஸ் எடுக்குற சாருக்கு ஓயாத இருமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு இருமல், ஆனா சொல்லிக் கொடுக்குற அழகு இருக்கே, கத்தரிக்கா கறுத்துப் போச்சு அன்னைக்கு, அரிஞ்சதை மறந்துட்டேன். அப்புறம் பந்தோபஸ்து, தேர்தல், மந்திரி வர்றாரு, மந்திரி போறாரு, இவரு எங்க கிளாசுக்கு வந்தாரு? நான்தான் வந்தேன். ஒருநா மனசு தாங்காம டைப் பண்ணிக் கேட்டுட்டேன், சார், பொய் சொல்றவனை எப்படித்தான் கண்டுபிடிக்கிறதுன்னு. சாரு இருமிட்டு, “வீரணன் சார் ஸ்டேஷன்ல இருந்துக்கிட்டே இப்படிக் கேக்குறாரு பாருங்க, நல்ல கேள்வி”ன்னாரு. எனக்குக் குப்புனு சந்தோசம். அடுத்த நிமிசமே வயித்தெரிச்சல், பேரு அவருக்குப் போயிருச்சேன்னு. உழுதவ ஒருத்தி, அறுத்தவன் ஒருத்தன். சாரு சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு. பொய் சொல்றவன் கண்ணைப் பாக்காதீங்க, கண்ணு நல்லாவே நடிக்கும். கேக்காத கேள்விக்கு அவன் பதில் சொல்றானான்னு பாருங்க. நாம ஒண்ணு கேப்போம், அவன் மனசுக்குள்ள வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும், வாய் அதுக்குப் பதில் சொல்லிப்புடும். அன்னைக்கு அதை நோட்டுல எழுதி அடிக்கோடு போட்டேன், பரீட்சைக்கு உதவும்னு. வீட்டுக்கு உதவும்னு கண்டேனா?

‘ஈ’. இல்ல, இரு, ‘ஆ’. அழிச்சுட்டு ‘ஆ’ போடுறேன். இவரு புருவத்தைத் தூக்குறாரு, என்னடி தடுமாறுறங்கிற மாதிரி. தடுமாறாம என்ன செய்யும்? போன செவ்வாக்கிழமை மத்தியானம் இவரு வீட்டுக்கு வந்தாரு. நான் கேட்டது ஒரே கேள்வி, சாப்பிட்டீங்களான்னு. அதுக்கு இவரு, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா அதுக்கு நாங்களா பொறுப்பு?”ன்னாரு. யாரு விழுந்தா, எந்தப் பாத்ரூமு, நான் கேக்கவே இல்ல. நேரா உள்ள போயி குளிச்சாரு. குளிச்சுட்டு யூனிஃபார்மைத் தானே தொவைச்சாரு. கலியாணம் ஆன நாள்ல இருந்து ஒரு கர்ச்சீப்பு தொவைச்சதில்ல இந்த மனுசன்! காக்கிப் பேண்டு முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு, ஒரே பினாயில் வாடை. அன்னைக்குச் சாயங்காலம் லைன் முழுக்கச் செய்தி. சோணைமுத்துவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்களாம், பம்புசெட்டுக் காப்பர் ஒயர் திருட்டுக்கு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம், வலது கையும் இடது காலும் முறிஞ்சு போச்சாம், பெரியாஸ்பத்திரியில கிடக்கானாம். சோணைமுத்து யாரோ எவரோ இல்ல. லோடு ஆட்டோ ஓட்டுறவரு, எங்க லைனுக்கே தண்ணி கேன் போடுறவரு. மாடி ஏறி வந்து கேனைக் கவுத்துப் பொருத்திக் கொடுத்துட்டு, “அக்கா, ஒரு சொட்டு சிந்தியிருந்தா சொல்லுங்க”ம்பாரு, சிந்தியிருக்காது. ஒரு சொட்டு சிந்தாம மாடி ஏறுற ஆளு எங்க வழுக்கி விழுந்தாரு? அதுவும் ஒரே விழுகையில வலது கை ஒருபக்கம், இடது கால் ஒருபக்கம். ஊரு பூரா இதைச் சொல்லிச் சிரிக்குது. பாத்ரூம் வழுக்குதுன்னா போலீஸ்காரன் ஒருத்தன்கூட ஏன் விழுகலன்னு. நானும் சிரிச்சிருக்கேன், பேப்பர்ல எந்த ஊரு சங்கதியவோ படிச்சுட்டு. இப்ப சிரிப்பு வரல.

கட்டத்துக்குள்ள இருக்குற வீரணன் கன்னத்தைத் துடைக்கிறாரு. எதுக்க இருக்குறவரும் அதே நேரம் துடைக்கிறாரு, பொறங்கையால. உள்ளங்கையால தொட மாட்டேங்குறாரு, கவனிச்சேன். இந்த நாலஞ்சு நாளா எல்லாத்தையும் கவனிக்கிறதே பொழப்பாப் போச்சு, சீன்னு இருக்கு. பக்கத்து வீட்டு ஏட்டம்மா வலிய வந்து ரசப்பொடி கொடுத்துட்டுப் போறாங்க, எதுக்குக் கொடுத்தாங்க? லீவுன்னு கேட்டா வள்ளுனு விழுற இன்ஸ்பெக்டரு, இந்தத் தடவை, “போய்யா, நல்லா எழுதுய்யா, எஸ்.ஐ. ஆகிட்டு வா”ன்னாராம். அம்புட்டுப் பாசம் எங்கிருந்து பொத்துக்கிட்டு வந்துச்சு? சும்மா ஆடுமா குடுமி? போனு வந்தா இவரு மொட்டை மாடிக்குப் போறாரு. மாடியில துணி காயப்போடுற சாக்குல நானும் போனா, “ஆமாங்கய்யா, இல்லங்கய்யா”ன்னு ரெண்டே வார்த்தை. எல்லாத்துக்கும் மேல சாப்பாடு. செவ்வாக்கிழமை ராத்திரி தட்டுல சோத்தைப் போட்டு வச்சா, கரண்டி எங்கன்னு கேக்குறாரு. எதுக்குன்னேன். சாப்பிடத்தான்னாரு. குழம்பைக் குழைச்சு உருட்டி அடிக்கிற ஆளு, ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி கரண்டியில ஊட்டிக்கிறாரு! கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தேன். ரெண்டு உள்ளங்கையிலயும் குறுக்கால செவப்பா ஒரு கோடு, தோலு உரிஞ்சு, தேங்காயெண்ணெய் தடவியிருக்கு. வண்டி கிளட்ச் ஒயரு அறுத்துருச்சுன்னாரு. கிளட்ச் ஒயரு ஒரு கையை அறுக்கும். ரெண்டு கையையும் ஒண்ணுபோல எப்படி அறுக்கும்? கேக்கல நான். கேட்டா பதில் வந்துருமேன்னு பயம். சட்டத்துக்குப் பயமா, இவருக்குப் பயமா, எஸ்.ஐ. வேலை போயிருமேன்னு பயமா, எதுன்னு எனக்கே சொல்லத் தெரியல.

கேள்வி மாறுது. டிவியில வந்ததைப் பாத்துக் கை ஓடல எனக்கு. ‘மணவாழ்க்கையின்போது கணவன் மனைவியிடம் தெரிவித்த செய்தியை மனைவி நீதிமன்றத்தில் வெளியிடலாமா?’ யாருடா இந்தக் கேள்வியைப் பொறுக்கி எடுத்தது? எங்க வீட்டை எட்டிப் பாத்துட்டா எடுத்தாங்க? ‘கணவன் சம்மதமின்றி வெளியிட அனுமதியில்லை’, அது ‘ஆ’. எனக்குத் தெரியும். சாட்சியச் சட்டம் எடுத்த அன்னைக்கு சாரு இருமி இருமிச் சொன்னாரு, புருசன் பொஞ்சாதிகிட்ட சொன்னது பூட்டுப் போட்ட பெட்டி, அதைத் திறக்கப் பொஞ்சாதிக்கு அதிகாரம் கிடையாது, குடும்பம் உடையக்கூடாதுன்னு சட்டமே வச்ச பூட்டு. நான் விடுவேனா? டைப் பண்ணிக் கேட்டேன், சொன்னதை விடுங்க சார், பொஞ்சாதி கண்ணால பாத்ததுன்னா? சாரு, “வீரணன் சார் இன்னைக்கும் மடக்குறாரு”ன்னு சிரிச்சுட்டு, பாத்ததைச் சொல்லலாம், அவன் வாயால அவகிட்ட சொன்னதைத்தான் சொல்லக்கூடாது, அதையே மறைவுல நின்னு மூணாவது ஆளு கேட்டிருந்தா அந்த ஆளு தாராளமா சொல்லலாம்னாரு. அன்னைக்கு அது பாடம். இன்னைக்கு நான் ‘ஆ’ எழுதித் தூக்கிக் காட்டுறேன், இவரு கேள்வியைப் படிக்கக்கூட இல்ல, என் எழுத்தைப் பாத்தாரு, அமுக்கினாரு. படிச்சிருந்தா நிம்மதியாயிருப்பாரோ. எல்லாத்தையும் என்கிட்ட கொட்டிட்டு அக்கடான்னு தூங்கியிருப்பாரோ. நான் பாத்தது என்ன? ஈரப் பேண்டு, பினாயில் வாடை, ரெண்டு கையிலயும் கோடு. இதை வச்சு எந்தக் கோர்ட்டு நம்பும்? சந்தேகம் வேற, சாட்சியம் வேற, அதுக்கு விடை ‘அ’, இப்பத்தான் போட்டேன். போதும் தவமணி, பரீட்சையைப் பாரு.

பாக்க முடியலையே. கோடு. அந்தக் கோட்டை நான் வேற எங்கயோ பாத்திருக்கேன்னு செவ்வாக்கிழமையில இருந்து மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நேத்து கிணத்தடிக் கொடியில துணி காயப்போடுறப்ப, கொடி இறங்கிப் போச்சுன்னு இழுத்துக் கட்டினேன், கயிறு வழுக்கி என் உள்ளங்கையில இழுத்துருச்சு, அப்படியே நின்னுட்டேன். நார்க் கயிறு. கலியாணமான புதுசுல இவருக்குச் சோறு கொண்டுட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மாசமா இருந்தேன், அடிக்கடி ஒண்ணுக்கு வந்துரும், அடக்க முடியாது. ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரே ஒரு பாத்ரூமு, தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. கதவு உள்பக்கமா தானா தொறந்துக்கும். கதவுல ஒரு ஓட்டை போட்டு நார்க் கயித்தைக் கோத்து விட்டிருந்தாங்க. வெளிய ஒருத்தர் நின்னு கயித்தை இழுத்துப் பிடிச்சாத்தான் கதவு மூடி நிக்கும். எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்ப இவரு, சாப்பிட உக்காந்த ஆளு கையை உதறிட்டு எந்திரிச்சு வந்து, “நீ போ தவம், நான் பிடிச்சுக்கிறேன், ஒரு பய இந்தப் பக்கம் வரமாட்டான்”னு, முதுகைக் காமிச்சுக்கிட்டு, கயித்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. உள்ள இருந்து நான் இருக்கீங்களான்னு கேக்குறேன், இருக்கேன் இருக்கேன்ங்குறாரு. அந்த முதுகுக்காக எத்தனை சண்டையை மறந்திருக்கேன். யாரு என்ன சொன்னாலும் என் புருசன் தங்கம்னு நின்னிருக்கேன். தாழ்ப்பாளை இன்னும் மாட்டலன்னு இந்த வருசம்கூட ஏதோ பேச்சுல சொன்னாரு. அப்ப சோணைமுத்து வழுக்கி விழுந்ததா சொல்றாங்களே அந்தப் பாத்ரூமு, அதே பாத்ரூமு. உள்ள என்ன நடந்திருந்தாலும் கதவு தானா மூடி நிக்காது. வெளிய ஒருத்தர் கயித்தை இழுத்துப் பிடிச்சிருக்கணும். உள்ள இருக்குறவன் தப்பிக்கணும்னு கதவை உள்பக்கம் இழுக்க இழுக்க, வெளிய இருக்குறவனுக்குக் கை அறுந்திருக்கும். ரெண்டு கையும், ஒண்ணுபோல. ஐயோ, அந்த ஆளு உள்ள இருந்து கத்தியிருப்பாரே. இவரு முதுகைக் காமிச்சுக்கிட்டுத்தான் நின்னாரா? இருக்கீங்களான்னு அவரு கேட்டிருப்பாரா?

‘க்ஹும்’னு இவரு தொண்டையைக் கனைக்கிறாரு. டிவியில மஞ்சளா ஒரு எச்சரிக்கை வருது, சத்தம் வேண்டாம்னு. கேள்வி ரொம்ப நேரமா நிக்குது போல, நான் எழுத்துக் காட்டல. நிமிந்து பாத்தா கேள்வி இதுதான். ‘காவலில் உள்ள நபருக்குக் காயம் ஏற்பட்டால் உடனடியாகச் செய்ய வேண்டியது என்ன?’ மருத்துவப் பரிசோதனை, உறவினருக்குத் தகவல், நீதித்துறை நடுவருக்கு அறிக்கை, மேற்கண்ட அனைத்தும். ‘ஈ’. மேற்கண்ட அனைத்தும். மேற்கண்டதுல ஒண்ணாவது செஞ்சாங்களா? உறவினருக்குத் தகவல்! பவுனுத்தாய்க்கு யாரு தகவல் சொன்னா? சோணைமுத்து பொண்டாட்டி. மத்தியானம் சோறு கொண்டுபோயி ஸ்டேஷன் வாசல்ல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கு, இங்க யாரும் இல்ல போன்னு விரட்டியிருக்காங்க, ஆஸ்பத்திரியில சேத்த அப்புறம் டீக்கடைக்காரரு சொல்லித்தான் தெரியும். நேத்து லைன் கேட்டுல நின்னுச்சு. சென்ட்ரி உள்ள விடல. நான் பால் வாங்கப் போனவ, பாக்காத மாதிரி போயிரலாம்னு தலையைக் குனிஞ்சேன், “அக்கா”ன்னு கூப்பிட்டுருச்சு. “அக்கா, உங்க வீட்டுக்காரரு அன்னைக்கு டூட்டியில இருந்தாராமே? நல்ல மனுசரு அவரு, தண்ணி போட வந்தா உக்காரச் சொல்லி மோர் கொடுப்பாராம். அவரு பாத்திருப்பாருல்ல? அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா. கையெழுத்துப் போடுங்கிறாக, தானா விழுந்தேன்னு. எங்க வீட்டுக்காரரு போடமாட்டேங்குறாரு. போடாட்டி ஒயர் கேசைத் தலையில கட்டிருவோம்ங்குறாக.” நான் என்ன சொன்னேன்? அவரு அன்னைக்கு வேற டூட்டிம்மான்னேன். வாய் கூசாம வந்துச்சு. போலீஸ்காரன் பொண்டாட்டி வாய், பழகிப் போச்சு. நாளைக்கும் வருவேன்க்கா, கேட்டுச் சொல்லுங்கக்கான்னு சொல்லிட்டுப் போச்சு. இன்னைக்குத்தான் அந்த நாளை. கட்டாந்தரையில உக்காந்திருக்கும் இந்நேரம், ஆஸ்பத்திரி வராந்தாவுல, இல்லாட்டி கேட்டு வாசல்ல.

இவரு என்னையே பாக்குறாரு. புருவத்தைச் சுருக்குறாரு, காட்டுடிங்கிற மாதிரி. அந்தக் கண்ணுல கெஞ்சல் இருக்கு. கோவமும் இருக்கு. என்னால ‘ஈ’ எழுத முடியல. எழுதினா இவரு பாசு. எஸ்.ஐ. ஆவாரு. ரெண்டு நட்சத்திரம் வச்சுக்கிட்டு அப்புறம் இவரு கயிறு பிடிக்க வேண்டியதில்ல, பிடிக்க இன்னொரு வீரணனை நிப்பாட்டுவாரு. அதுக்கா நான் மூணு வருசம் அடுப்படியில நின்னு படிச்சேன்? அதுக்கா கத்தரிக்கா கறுத்துச்சு? வயிறு எரியுது எனக்கு. மனசு இன்னொரு பக்கம் பேரம் பேசுது, பைத்தியக்காரி, எழுதித் தொலை, சாயங்காலம் கேட்டுக்க, சோறு போட்டு நிதானமா கேட்டுக்க. சாயங்காலம் கேட்டா? சொல்லுவாரு. அழுவாரு, மடியில படுத்துச் சொல்லுவாரு. சொன்னா பூட்டு. பூட்டுப் போட்ட பெட்டி, சாவி இவரு இடுப்புல. பவுனுத்தாய்கிட்ட நான் வாயே திறக்க முடியாது. திறக்காம இருந்தா நானும் ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவதான். சாக்பீஸ் விரல்ல ஒட்டுது. சிலேட்டை முந்தானையில துடைச்சேன். இன்னதுதான் எழுதப்போறேன்னு திட்டமெல்லாம் இல்ல, சத்தியமா இல்ல, கை பாட்டுக்கு எழுதுச்சு. கயிறுன்னு எழுதல. கதவுன்னு எழுதல. ‘சோணைமுத்துக்கு என்ன ஆச்சு?’ அம்புட்டுத்தான் எழுதினேன். தூக்கிக் காட்டினேன், லேப்டாப் மூடிக்கு மேல, நல்லா தெரியிற மாதிரி.

இவரு வழக்கம்போல எழுத்தைத் தேடினாரு. அ இல்ல, ஆ இல்ல. கண்ணு இடமிருந்து வலமாப் போச்சு, திரும்ப முதல்ல இருந்து போச்சு. கட்டத்துக்குள்ள இருக்குற மூஞ்சியும் அப்படியே படிச்சுச்சு. எந்திரிச்சுப் போக முடியாது, பரீட்சை ரத்து. திரும்ப முடியாது, திட்ட முடியாது, மேசையைத் தட்ட முடியாது. எத்தனை பேரை இப்படி நாற்காலியில உக்கார வச்சிருப்பாரு, இன்னைக்கு இவரு. ரெண்டு கையும் மேசைக்குக் கீழ போச்சு. பாவமா இருந்துச்சு எனக்கு, அதையும் சொல்லணும், என் புருசன்தானே, சிலேட்டை இறக்கிரலாமான்னு கை தாழ்ந்துச்சு. அப்ப வாய் திறந்துச்சு. கனைப்பு இல்ல, முணுமுணுப்பு இல்ல, தெளிவா, வீட்டுல பேசுற குரல்ல. “நான் கயித்தத்தான் பிடிச்சிருந்தேன். சோணைமுத்து மேல கை வைக்கல. இன்ஸ்பெக்டர் அய்யாவும் ஸ்டேஷன் ரைட்டரும்தான் உள்ள இருந்தாங்க. கதவை விடாதடான்னாரு அய்யா, நான் விடல, அம்புட்டுத்தான்.”

கேக்காத கேள்விக்குப் பதில். டிவியில மஞ்சள் போயி செவப்பு வந்துச்சு. ‘குரல் பதிவானது.’ இவருக்கு அப்பத்தான் எங்க உக்காந்திருக்கோம்னு உறைச்சிருக்கணும், ரத்தம் வடிஞ்ச மாதிரி வெளுத்துட்டாரு. லேப்டாப்புல இருந்து ஒரு பொம்பளைக் குரல், உசுருள்ள குரல், தூக்கக் கலக்கமோ என்னமோ, “வீரணன் சார், யார்கிட்ட பேசினீங்க? ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?”ன்னு கேக்குது. என் மனைவின்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பரீட்சை போயிருக்கும், ஆனா பெட்டி பூட்டியிருக்கும். புருசன் பொஞ்சாதிகிட்ட சொன்னதா ஆகியிருக்கும், நான் வாயைக் கட்டிக்கிட்டு இந்த வாளியிலயே உக்காந்திருப்பேன். இவரு பாடத்தைப் படிச்சவரு இல்லையே. எதுக்க இருக்குற என்னைப் பாத்துக்கிட்டே, என் கண்ணைப் பாத்துக்கிட்டே, “யாரும் இல்லங்க மேடம். நான் மட்டும்தான் இருக்கேன்”ன்னாரு. “கண்டிப்பா?” “கண்டிப்பாங்க மேடம். வீட்டுல யாருமே இல்ல.” மூணு வருசமா இவரு பேருல இருந்தவ நான், இப்ப அதுவும் இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, ரெண்டையும் முழுங்கினேன். சாருகிட்ட இப்ப டைப் பண்ணிக் கேக்கணும் போல இருந்துச்சு, சார், பொஞ்சாதியே இல்லன்னு புருசன் சத்தியம் பண்ணிட்டா அவன் சொன்னது யாருகிட்ட சொன்னது? பூட்டு யாருக்குப் பூட்டு? கோர்ட்டுல நிக்குமோ நிக்காதோ, பவுனுத்தாய்கிட்ட நிக்கும். அந்தச் சத்தம் எங்கயோ ஒரு பெட்டியில இவரு பேரு, இவரு அடையாள அட்டை, இவரு மூஞ்சியோட பத்திரமா இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்கன்னு நான் சொல்லலாம். எப்படி வாங்குறதுன்னும் எனக்குத் தெரியும், எழுதிக் கொடுக்கவும் தெரியும், அதையும் படிச்சிருக்கேன். “சரி சார், தொடருங்க, இது கடைசி எச்சரிக்கை”ன்னுட்டு குரல் போயிருச்சு. கேள்வி அப்படியே நிக்குது, மேற்கண்ட அனைத்தும். இவரு சிலேட்டையே பாக்குறாரு. நான் துடைச்சு, காலியா, மேசையில வச்சேன். எந்திரிச்சேன். கண்ணாலயே பிடிச்சு இழுக்குறாரு மனுசன், எங்க போற, உக்காரு, தவம்னு அந்தக் கண்ணு கத்துது, வாயைத் திறக்க முடியல. நான்தான் அங்க இல்லையே. வாசல்ல கிடந்த செருப்பை மாட்டிக்கிட்டு, கேட்டைப் பாத்து நடந்தேன்.